15,349 கிலோமீட்டர் என்றால் எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே 15,349 கிலோமீட்டர். எந்தத் தூரக் கணிப்பானில் தட்டினாலும் இந்த எண்ணோ, இதற்குப் பத்து கிலோமீட்டர் முன்பின்னாக இன்னொன்றோ வரும். பல தளங்கள் அதோடு நிற்பதில்லை. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, மேலே ஓர் அரை மணி நேரத்தைச் சேர்த்து, "பயண நேரம் 17 மணி 33 நிமிடம்" என்று நிமிடச் சுத்தமாகச் சொல்லிவிடுகின்றன. விமான நிறுவனத்தின் கால அட்டவணையிலோ அதே பயணம் பதினெட்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது.

தளம் சொன்ன தூரம் சரியானதுதான். அந்தத் தூரத்தை எந்த விமானமும் பறப்பதில்லை என்பதே சிக்கல். தூரம் நிலத்தில் அளக்கப்படுகிறது, விமானமோ காற்றில் போகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், பெரும்பாலான இடைநில்லாப் பயணங்களின் நேரத்தை ஓரளவு நெருக்கமாக நாமே கணித்துவிடலாம்.

முதலில் தூரம்

உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் (உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின்) ஒரு துண்டு. சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அது வளைந்து தெரியும். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நேராக இருக்கும். சிட்னியும் சிலியின் சாண்டியாகோவும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், தெற்கே 33-34 டிகிரியில் இருக்கின்றன. படத்தைப் பார்த்தால் நேர் கிழக்கே போனால் போதும் என்று தோன்றும். அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போனால் சுமார் 12,770 கி.மீ. ஆகும். பெருவட்டப் பாதையில் 11,340 கி.மீ.தான். ஆனால் அந்தப் பாதை தெற்கே 62 டிகிரி வரை, அண்டார்க்டிகாவின் வாசல் வரைக்கும் இறங்கித்தான் மேலே ஏறுகிறது. குறுக்கு வழி 1,400 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் பிடிக்கிறது.

கணக்கை நாமே போடலாம். இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தால் போதும். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அடுத்து இரு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, அதற்குத் தலைகீழ் கோசைன் எடுத்தால் பூமியின் நடுவில் உண்டாகும் கோணம் கிடைக்கும். ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் தூரம். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதிலிருந்து வருவது இந்த 111.195.

பெர்த் - லண்டன் ஹீத்ரோவை எடுத்துக்கொள்வோம். பெர்த் −31.9403, 115.9669. ஹீத்ரோ 51.4706, −0.4619. தீர்க்கரேகை வித்தியாசம் 116.4288. முதல் பெருக்கல் −0.41386, இரண்டாவது −0.23528, கூட்டினால் −0.64914. அதன் கோணம் 130.477 டிகிரி. தூரம் 14,508 கி.மீ.

விமானத் துறையில் புழங்கும் எண் 14,498. இந்தப் பத்து கி.மீ. எங்கே போனது? பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையானது. வடக்கு-தெற்காக ஒரு டிகிரி நகர்வது நிலநடுக்கோட்டருகே 110.57 கி.மீ., துருவத்தருகே 111.69 கி.மீ. பெர்த் பாதை நிலநடுக்கோட்டைக் கடந்து நெடுந்தூரம் போவதால் உருண்டைக் கணக்கு கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. சிங்கப்பூர் - நியூயார்க் பெருவட்டம் வட துருவத்தை ஒட்டிப் போவதால் அங்கே அதே கணக்கு 15,341 என்று குறைத்துக் காட்டுகிறது. எப்படிப் பார்த்தாலும் பிழை அரை விழுக்காட்டுக்கு மேல் போகாது. மேலே சொன்ன இரு பாதைகளிலும் பயண நேரத்தில் இது ஒரு நிமிடம்கூட இல்லை. பூமியின் தட்டைத்தன்மையைக் கணக்கில் கொள்ளும் வின்சென்ட்டி முறை 1975-இல் வந்தது. துல்லியம் தேவைப்படுவோர் அதைப் பயன்படுத்தலாம். பூமியின் நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரு புள்ளிகளுக்கு மட்டும் அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிழை பெரிதாக வருவது வேறு இடங்களில். மேற்கு தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி போட மறப்பது முதலாவது. டிகிரி-நிமிடத்தைத் தசமமாக வாசிப்பது அடுத்தது: 51 டிகிரி 28 நிமிடம் என்பது 51.467, 51.28 அல்ல. விரிதாளில் கணக்குப் போடுவோர் டிகிரியை ரேடியனாக மாற்றாமல் விட்டுவிடுவார்கள். விடை அர்த்தமில்லாமல் வருவதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. கண்ணுக்குத் தப்புவது அலகுக் குழப்பம்தான். சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் பறப்புத் திட்டங்களும் பேசுவது கடல் மைலில், பயணிகளுக்கான புள்ளிக் கணக்கு சாதாரண மைலில். 15,349 கி.மீ. என்பது 9,537 மைல், 8,288 கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்தான். நகரப் பெயரும் ஏமாற்றும். பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. சான் ஹோசே கலிபோர்னியாவிலும் கோஸ்டாரிகாவிலும் இருக்கிறது. பெயரை நம்பாமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்தே தேடுங்கள்.

பறக்கும் தூரம் வேறு

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்கின் நெவார்க் நிலையத்துக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது அறிவித்த தூரம் சுமார் 16,700 கி.மீ., நேரம் 18 மணி 45 நிமிடம் வரை. நெவார்க்குக்கான பெருவட்டத் தூரம் 15,344 கி.மீ. வித்தியாசம் 1,350 கி.மீ.க்கு மேல். வேண்டுமென்றேதான் இவ்வளவு சுற்றுகிறார்கள். துருவத்தை ஒட்டிய குறுகிய வழியைவிட, பசிபிக்கின் மேல் வீசும் மேற்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போவது பல நாட்களில் லாபம்.

இதைவிடத் தெளிவான சான்று டெல்லி - சான் பிரான்சிஸ்கோ. பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 12,380 கி.மீ. ஏர் இந்தியா முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கு நோக்கிப் பறந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகக் கிழக்கு நோக்கித் திருப்பினார்கள், சுமார் 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினாலரை மணிக்கு வந்தது. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்லும் எந்தச் சூத்திரமும் இந்த ஓர் எடுத்துக்காட்டைத் தாண்ட முடியாது.

காற்று இல்லாவிட்டாலும் பாதை வளையும். புறப்படும் ஓடுபாதை போக வேண்டிய திசைக்கு எதிராக இருக்கலாம். அன்றைய காற்றைப் பார்த்துத்தான் ஓடுபாதையைத் தேர்வார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வகுத்த வழிகள் உண்டு. வட அட்லாண்டிக்கில் ஷான்விக், காண்டர் கட்டுப்பாட்டு மையங்கள் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை புதிய தடங்களை வெளியிடுகின்றன. மேற்கே போவோருக்கு ஒரு தொகுப்பு, கிழக்கே போவோருக்கு வேறு தொகுப்பு. நேற்றுப் போன பாதையில் இன்றும் போவார்கள் என்று எண்ண வேண்டாம்.

இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு. ஓர் எஞ்சின் நின்றால் மீதி ஒன்றில் பறந்து, அனுமதிக்கப்பட்ட நிமிடங்களுக்குள் ஏதாவதொரு நிலையத்தைச் சேரும்படி பாதை அமைய வேண்டும். பல விமானங்களுக்கு இது 180 நிமிடம். போயிங் 777 வகையில் சிலவற்றுக்கு 330 நிமிடம் வரையிலும், ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரையிலும் அனுமதி இருக்கிறது. வடகோளத்தில் நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால் இது பெரிதாக உறைக்காது. மேலே சொன்ன சிட்னி - சாண்டியாகோ பாதையில் தெற்குப் பசிபிக்கில் இறங்க இடமே கிடையாது. அனுமதி நிமிடம் குறைந்தால் பாதை வடக்கே தள்ளப்பட்டு நீளும்.

வான்வெளித் தடைதான் எல்லாவற்றிலும் கடுமையானது. ஹெல்சின்கி - டோக்கியோ பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் மேல் நேராகப் பறந்தபோது ஒன்பதரை மணி நேரம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஃபின்லாந்து விமானங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டது. வட துருவத்தின் பக்கமாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டிய நிலையில் அது 13 மணி நேரமாயிற்று. தூரக் கணிப்பான் இன்றும் அதே 7,800-ஐத்தான் காட்டும். பழைய கட்டுரைகளில் இருக்கும் ஐரோப்பா - கிழக்காசியா பயண நேரங்களை அப்படியே எடுத்தாளாதீர்கள்.

காற்றும் குளிரும்

ஏ350, போயிங் 787 போன்றவை மாக் 0.85-ஐ ஒட்டிப் பறக்கின்றன. அதாவது ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. −56.5 டிகிரி செல்சியஸில் மணிக்கு 1,062 கி.மீ., ஆகவே விமானத்தின் வேகம் 903. காற்று −65 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதே மாக் 0.85 என்பது 885 கி.மீ.தான். 17 மணி நேரப் பறப்பில் இந்த 18 கி.மீ. வித்தியாசம் இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். எரிபொருளைச் சேமிக்க வேகத்தைச் சற்றுக் குறைப்பதும் உண்டு. ஏ320, போயிங் 737 வகைகள் மாக் 0.78 அளவில் போவதால் அவற்றுக்கு 830 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 903 காற்றுக்குள் இருக்கும் வேகம். காற்றே ஓடிக்கொண்டிருந்தால் தரைமேல் வேகம் மாறும். ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் சாதாரணமாகவே 100-200 கி.மீ. வேகத்தில் வீசும். குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைமேல் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகம்தான். ஒலித்தடையை உடைத்தது என்று அப்போது பரவிய செய்தி தவறு.

லண்டன் - நியூயார்க் 5,540 கி.மீ. காற்று வேகத்தை 905 என்றும், மேற்குக் காற்றைச் சராசரி 100 என்றும் கொள்வோம். கிழக்கே வரும்போது 1,005 வேகத்தில் 5 மணி 31 நிமிடம். மேற்கே போகும்போது 805 வேகத்தில் 6 மணி 53 நிமிடம். ஒரே தூரத்துக்கு 82 நிமிட வித்தியாசம். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. கூட்டிப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் போய்வர 12 மணி 15 நிமிடம், காற்றுள்ள நாளில் 12 மணி 24 நிமிடம். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், ஆகவே இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. 2005 நவம்பரில் போயிங் 777-200எல்ஆர், ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு 21,602 கி.மீ. இடைநில்லாமல் பறந்து சாதனை படைத்தபோதும், மேற்கே போகாமல் பசிபிக்கையும் அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் கடந்து கிழக்கு நோக்கியே போனது. 22 மணி 42 நிமிடப் பயணம் அது.

நேரத்தைக் கணிப்பது

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் பிளாக் டைம். வாசலிலிருந்து விமானம் பின்னுக்குத் தள்ளப்படும் கணத்திலிருந்து, அடுத்த நிலையத்தில் வாசலில் நிற்கும் கணம் வரை. தரையில் ஊர்வது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். இறங்குமிடத்தில் வட்டமடிக்க வேண்டிவந்தாலும் தாமதம் என்று பெயர் வராதிருக்க, நிறுவனங்கள் இதில் கொஞ்சம் தாராளமாகவே வைக்கின்றன. அறிவித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே தரையிறங்குவது சாதாரணமாக நடப்பது இதனால்தான்.

இடைநில்லா நெடும் பயணத்துக்கு நான் பரிந்துரைக்கும் கணக்கு இது. பெருவட்டத் தூரத்தோடு 3 விழுக்காடு சேருங்கள். வான்வெளித் தடையோ பெரிய சுற்றோ இருந்தால் உண்மையான பாதையையே எடுங்கள். கிழக்கு நோக்கியது என்றால் 960, மேற்கு நோக்கியது என்றால் 830, வடக்கு-தெற்கு என்றால் 890 ஆகியவற்றால் வகுங்கள். வடகோளக் குளிர்காலத்தில் கிழக்கு எண்ணில் 20-30 கி.மீ. கூட்டியும், மேற்கு எண்ணில் அதே அளவு குறைத்தும் கொள்ளலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதைகளில் ஜெட் காற்று பலவீனம் என்பதால் எல்லாத் திசைக்கும் 890 போதும். கடைசியாக, ஏறி இறங்குவதில் வேகம் குறைவதற்கு 15 நிமிடம், தரையில் ஊர்வதற்கு 25 நிமிடம் சேருங்கள். கூட்டம் மிகுந்த பெரிய நிலையங்களுக்கு இன்னும் பத்து நிமிடம்.

பெர்த் - லண்டனில் பொருத்திப் பார்ப்போம். 14,498-உடன் 3 விழுக்காடு, 14,930. பாதை வடமேற்காகப் போனாலும் பெரும்பகுதி நிலநடுக்கோட்டின் இரு புறமும் இருப்பதால் 890 எடுக்கிறேன். 16 மணி 46 நிமிடம். நாற்பது நிமிடம் சேர்த்தால் 17 மணி 26 நிமிடம். 2018 மார்ச்சில் குவாண்டாஸ் இந்தச் சேவையைத் தொடங்கியபோது அறிவித்தது 17 மணி 20 நிமிடம்.

அட்டவணையிலிருந்து நேரத்தைப் பிரித்தெடுக்க, இரு முனைகளையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது ஒன்றே பிழையில்லாத வழி. பெர்த்தில் மாலை 6:45-க்குக் கிளம்பி மறுநாள் காலை 5:05-க்கு லண்டன். பெர்த் யூடிசிக்கு 8 மணி முன்னால், ஆகவே கிளம்பியது 10:45. லண்டன் கோடை நேரத்தில் (கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் மாதங்களில்) 1 மணி முன்னால், சேர்ந்தது 04:05. இடைவெளி 17 மணி 20 நிமிடம். உள்ளூர் நேரங்களை நேரடியாகக் கழித்தவருக்கு 10 மணி 20 நிமிடம் என்று வந்திருக்கும்.

சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடக்கும்போது இந்தப் பழக்கம் இன்னும் கைகொடுக்கும். ஜூலையில் ஆக்லாந்தில் இரவு 7:30-க்குக் கிளம்பி 12 மணி நேரம் பறந்தால் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் பகல் 12:30. கிளம்புவதற்கு ஏழு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்ததாகக் கடிகாரம் சொல்லும். திரும்பும்போது திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பி 13 மணி நேரம் பறந்தால் புதன் காலை 6 மணி. செவ்வாய்க்கிழமை கையில் சிக்காமலே போய்விடும். தங்கும் அறையைச் செவ்வாய் இரவுக்கு முன்பதிவு செய்துவிடாதீர்கள்.

கடிகாரம் மாறும் நாட்களிலும் கவனம் தேவை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கோடை நேரத்துக்கு மாறுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்கள் லண்டன் - நியூயார்க் வித்தியாசம் ஐந்துக்குப் பதில் நான்கு மணி. சிட்னி - லண்டன் வித்தியாசம் ஆண்டுக்குள் 9, 10, 11 என மூன்று நிலைகளில் மாறுகிறது. இந்தியாவுக்கு ஐந்தரை, நேபாளத்துக்கு ஐந்தே முக்கால் என அரையும் காலும் கொண்ட நேர மண்டலங்களும் உண்டு.

இடையில் மாறிச் செல்லும் பயணத்தில் தூரம் முக்கியமே இல்லாமல் போகிறது. லண்டன் - சிட்னி பெருவட்டம் 17,016 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் சுமார் 17,175, வெறும் ஒரு விழுக்காடு கூடுதல். துபாய் வழியாக 17,540. இந்த 365 கி.மீ. வித்தியாசம் பறக்க அரை மணிக்கும் குறைவு. ஆனால் இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்றில் ஒன்றரை மணியாகவும் மற்றதில் ஏழு மணியாகவும் இருக்கலாம். சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்கு ஊரடங்கு இருப்பதால், வந்துசேரும் நேரத்தை முதலில் நிர்ணயித்துவிட்டு இணைப்பு நேரத்தைப் பின்னோக்கி அமைக்கிறார்கள். இத்தகைய பயணங்களை ஒப்பிடும்போது மொத்த நேரம் என்ற வரியை மட்டும் பாருங்கள். அதிலும் ஒரே பயணச்சீட்டில் இரண்டு விமானங்களும் இருப்பது அவசியம். தனித்தனியாக வாங்கி, முதலாவது தாமதமானால், இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை.

எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, விமானங்களைப் பின்தொடரும் தளம் ஒன்றில் அந்த விமான எண்ணைப் போட்டு முந்தைய இரண்டு வாரப் பதிவுகளைப் பாருங்கள். அதிகக் குறைவும் அதிகக் கூடுதலும் போக நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளங்கள் காட்டுவது பெரும்பாலும் ஓடுபாதையை விட்டு எழுந்தது முதல் தரை தொட்டது வரையிலான நேரம் என்பதால், பயணச்சீட்டோடு ஒப்பிடும் முன் இரு பக்கமும் சேர்த்து 25 நிமிடம் கூட்ட வேண்டும். பயணம் ஜனவரியில் என்றால் ஜூலைப் பதிவுகளைப் பார்க்காதீர்கள். முந்தைய ஜனவரியைத் தேடி எடுங்கள்.